பத்து நிமிஷ பாக்கி

மோரீனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் நாற்பது வருஷத்துக்கு மேலான குடித்தனம் இன்னும் கொஞ்சம் சுலபமாக ஓடியிருக்கும். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, டோஸ்ட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த புருஷன் டிரெவரிடம் அவள் ஒரு பொய்யைச் சொல்லியே ஆகவேண்டும்.

எல்லாம் போன வாரம் வந்த அந்த போனால் வந்த வினை. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கொழுந்தன் மால்கம், அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

"மோரீன், பிராக்கன்லி கிரவுண்ட இடிக்கப் போறாங்க. வர்ற சனிக்கிழம கடைசி ஆட்டம். நான் போறேன். மே மாசம் பையன்கிட்ட கனடாவுக்கே போயிடறேன். போனா திரும்பி வரமாட்டேன். டிரெவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

அன்றிலிருந்து மோரீன் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். மகள் கிர்ஸ்டியிடம் மட்டும் சொன்னாள். கிர்ஸ்டி போனில் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்பாவ எப்பாடு பட்டாவது கூட்டிட்டுப் போம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். சித்தப்பா மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பாசம். அதனால்தான் என்று மோரீன் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் டிரெவரிடம் தம்பி பேரை எடுக்க முடியாது. எடுத்தால் எழுந்து தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விடுவார். சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார்.

சண்டை எதற்கு என்று வெளியாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். டிரெவர், மால்கம் போன்றவர்கள் பெரிய கால்பந்து கிளப்புகளின் ஆட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சனிக்கிழமையானால் நூறு பேர் வந்தாலே திருவிழா என்கிற குட்டி லீக் ஆட்டங்களைத் தேடிப் போவார்கள். புது ஊர், புது கிரவுண்டு. ஒரு கிரவுண்டைப் பார்த்துவிட்டால் அது பிடித்தாயிற்று. அடுத்த வாரம் அடுத்தது. ஒரு லீக்கில் இருக்கிற எல்லா கிரவுண்டையும் பிடித்து முடிப்பவனுக்கு மற்றவர்கள் கேக் வாங்கி வருவார்கள்.

இதில் டிரெவரின் சட்டம் ஒன்றே ஒன்று. முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை நின்று பார்த்தால்தான் கிரவுண்டு கணக்கில் சேரும். கழிப்பறைக்குப் போவதென்றால் இடைவேளையில் போகவேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே பிராக்கன்லியில், ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மால்கம் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். போனவர் திரும்பவில்லை. மறுவாரம் நாலு பேர் முன்னால், "பிராக்கன்லி ஆச்சு" என்றார்.

"ஆகல" என்றார் டிரெவர்.

"ஆச்சுடா."

"ஆகல. பாதியில எதுக்குப் போன, அத மொதல்ல சொல்லு."

மால்கம் சொல்லவில்லை. பொய்யன் என்றார் அண்ணன். அத்தோடு சரி. சொத்துத் தகராறு இல்லை, பெண் தகராறு இல்லை. பத்து நிமிஷத் தகராறு.

இன்றைக்கு டிரெவர் போகவேண்டிய இடம் ஸ்கெல்பெக். இந்த லீக்கில் அவருக்குப் பாக்கி இருக்கும் ஒரே கிரவுண்டு. சீசனில் அங்கே இன்றுதான் கடைசி ஆட்டம். அடுத்த வருஷம் கிளப்புகள் ஏறும், இறங்கும், லீக்கே மாறிவிடும். நண்பர் ரஸ்ஸல் கேக்கில் டிரெவர் பேரை எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் மோரீனுக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

"ஸ்கெல்பெக் ஆட்டம் ரத்தாம்" என்றாள் கெட்டிலைப் பார்த்துக்கொண்டே.

டிரெவரின் கத்தி நின்றது. "ரத்தா?"

"இப்பதான் போன்ல வந்துது. கிரவுண்டு பூரா தண்ணி தேங்கி நிக்குதாம்."

"ஸ்கெல்பெக்லயா?"

"ஆமா. ராத்திரி பூரா கொட்டித் தீத்துதே, நீ கேக்கலயா?"

டிரெவர் அவளைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததாக அவளுக்குத் தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான் போல என்று எண்ணிக்கொண்டு, காலிக் கோப்பையில் பாலை ஊற்றினாள்.

"சரி" என்றார் டிரெவர். "வேற எங்க ஆட்டம் இருக்குன்னு பாத்தியா?"

"பிராக்கன்லில இருக்கு. அது மேட்டு கிரவுண்டு, தண்ணி நிக்காது."

"பிராக்கன்லி நான் பிடிச்சாச்சு. பிடிச்ச கிரவுண்டுக்கு ரெண்டாந்தரம் போறது, தின்ன பண்டத்தையே திரும்பத் தின்ற மாதிரி."

"இடிக்கப் போறாங்களாம் டிரெவர். இன்னிக்குதான் கடைசி ஆட்டம். அடுத்த மாசம் வீடு கட்ட ஆரம்பிக்கிறாங்களாம்."

டிரெவர் டோஸ்ட்டைக் கடித்தார், மென்றார், விழுங்கினார். ஜன்னலுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்த துணிக்கொடியைப் பார்த்தார்.

"எப்ப கிளம்பணும்?"

அவரை வழிக்குக் கொண்டுவர மோரீன் வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்த காரணங்கள் அத்தனையும் வீணாயின. இவ்வளவு சுலபமாக இந்த மனுஷன் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு சாண்ட்விச் கட்டப் போனாள்.

டிரெவர் கோட்டை மாட்டிக்கொண்டு பர்ஸைத் தட்டிப் பார்த்தார். அதில் ரெஃபரி அட்டை இருக்கிறது. இருபது வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர். முழங்கால் போனபிறகும் அட்டையை மட்டும் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு வருகிறார்.

"நொண்டி ரெஃபரிக்கு அட்ட ஒரு கேடா" என்றாள் மோரீன், எப்போதும்போல.

"இருந்துட்டுப் போகட்டும். உன்கிட்ட சோறா கேக்குது?"

முழங்கால் மடங்க மறுத்ததிலிருந்து கார் ஓட்டுவது மோரீன்தான். ஜூன் மாதம் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை ஓடக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, மண்டியிடக் கூடாது. சாதாரணமாக அவரை கிரவுண்டு வாசலில் இறக்கிவிட்டு அவள் காரிலேயே உட்கார்ந்து குறுக்கெழுத்து போடுவாள். இன்றைக்கு, "நானும் உள்ள வரேன்" என்றாள்.

"நீயா?"

"கடைசி ஆட்டம்ல. ஒரு தடவையாவது பாத்து வெக்கறேன்."

வழியெல்லாம் மேகம் கலைந்துகொண்டே வந்தது. கற்சுவர்களில் ஈரம் மினுங்க, மேட்டில் ஆடுகள் மேய்ந்தன. இவ்வளவு வெயில் எதற்கு இன்றைக்கென்று பார்த்து அடிக்கிறது என்று மோரீனுக்கு எரிச்சலாக இருந்தது.

பிராக்கன்லி கிரவுண்டில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூட்டம். சாகப்போகிற மனுஷனைப் பார்க்கத்தான் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். துருப்பிடித்த சுழல் கதவருகே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் டிரெவரின் இடுப்பு அதில் மாட்டிக்கொண்டதைப் பார்த்து, "உள்ள தள்ளிட்டா வெளிய வரத் தேவையில்ல, இடிக்கும்போது சேத்து எடுத்துக்குவாங்க" என்றார்.

எதிர்ப்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே, கிரவுண்டைச் சுற்றி ஓடும் தடுப்புக் கம்பியில் கை வைத்து மால்கம் நின்றிருந்தார். பழுப்புத் தொப்பி. இளைத்திருந்தார். மோரீனுக்குப் பகீரென்றது. போனில் குரல் மாறவில்லையே என்று ஆளையும் அப்படியே நினைத்திருந்தாள்.

டிரெவரும் பார்த்தார். பார்த்ததை அவள் பார்த்தாள். இதோ இப்போது திரும்பி காருக்கு நடக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"கறி பை வாங்கப் போறேன்" என்றார் டிரெவர். "உனக்கும் பட்டாணி வேணுமா?"

தேநீர்க் கொட்டகைப் பெண்மணி, "உனக்கு என்ன கண்ணு?" என்று எழுபது வயது டிரெவரைக் கேட்டு, மசித்த பட்டாணியைக் கரண்டி நிறைய எடுத்து, இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட அந்த பை மேல் ஊற்றினாள். "மிச்சம் வெச்சு என்ன பண்ணப் போறேன், நல்லா சாப்பிடு."

டிரெவர் தட்டோடு மால்கமுக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றார். நடுவில் ஒரு முழு கிரவுண்டு. முதல் விசில் ஊதியது.

முதல் பாதியில் பந்து இரண்டு முறை சுவரைத் தாண்டி ஓடையில் விழுந்தது. இரண்டு முறையும் ஓர் ஆள் நீளக்கழியில் கட்டிய வலையை எடுத்துக்கொண்டு ஓடினார். கூட்டம் ஆட்டத்தைவிட அவருக்குத்தான் அதிகம் கைதட்டியது. ஊர் அணி ஒரு கோல் வாங்கி ஒரு கோல் போட்டது.

மோரீனின் போன் கோட்டுப் பையில் அதிர்ந்தது. டிரெவர் போன் வைத்துக்கொள்வதில்லை. வருகிற செய்தியெல்லாம் அவளுக்குத்தான் வரும். ரஸ்ஸல் அனுப்பியிருந்தார்: 'எங்கே டிரெவர்? ஆட்டம் ஆரம்பித்தாகிவிட்டது. கேக் காத்திருக்கிறது.' மோரீன் போனை அணைத்துப் பைக்குள் திணித்தாள். பதினெட்டு வருஷமாக ஒவ்வொன்றாகப் பிடித்து வந்தவர். கடைசி ஒன்றைத் தட்டிப் பறித்தது கட்டிய பெண்டாட்டி.

இடைவேளையில் இரண்டு கோப்பை டீயோடு மால்கமிடம் போனாள்.

"வந்துட்டானே" என்றார் மால்கம் டீயை வாங்கிக்கொண்டு. "நான் வர்றது தெரிஞ்சா வந்தான்?"

"தெரியாது. ஏமாத்திக் கூட்டிட்டு வந்தேன்."

"இன்னிக்கு அவனுக்கு ஸ்கெல்பெக்காச்சே. லீக்க முடிக்கப் போறான்னு ரஸ்ஸல் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தான். அத எப்படி விட்டான்?"

"அங்க ஆட்டம் ரத்துன்னு சொல்லிட்டேன். கிரவுண்டுல தண்ணி நிக்குதுன்னு."

மால்கம் வாயருகே கொண்டுபோன கோப்பையை இறக்கினார். அவளைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் நின்ற அண்ணனைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"எதுக்குச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. அவன் என்ன சொன்னான்?"

"சரின்னான்."

"சரின்னானா." மால்கம் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மோரீன் கேட்டேவிட்டாள். "அன்னிக்கு எதுக்குப் பாதியில போன மால்கம்? அத மட்டும் சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்குமா?"

"வாக்கு குடுத்துட்டேன் மோரீன்."

"யாருக்கு?"

ரெஃபரி விசில் ஊதினாள். "ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சு" என்றார் மால்கம் பந்தைப் பார்த்து. "இந்தத் தடவ ஒரு நிமிஷம்கூட விடமாட்டேன். போ, அவன் பக்கத்துல நில்லு."

இரண்டாம் பாதியில் யாரும் கோல் போடவில்லை. கூட்டி வந்து நிறுத்தியாயிற்று. ஆனால் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மரம் மாதிரி நிற்கிறார்கள். விசில் ஊதியதும் ஒருவர் ஒரு கதவு வழியாகவும் மற்றவர் இன்னொரு கதவு வழியாகவும் போய்விட்டால் மே மாதம் விமானம் ஏறிவிடும். இதற்கா அந்தக் கேக்கைப் பலி கொடுத்தோம் என்று அழுகை முட்டியது.

அப்போதுதான் மால்கம் பக்கத்தில் கொடி வைத்துக்கொண்டு ஓடிய லைன்ஸ்மேன், தொடையைப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்தான். சதை பிசகிவிட்டது. ரெண்டு பேர் தோளில் தாங்கி அழைத்துப்போனார்கள். ரெஃபரி இரண்டு அணித் தலைவர்களையும் கூப்பிட்டுப் பேசினாள். எதிரணித் தலைவன் முடியாதென்று தலையை ஆட்டினான். ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பர்களே, கொடி பிடிக்க ஆள் வேணும். கூட்டத்துல அட்டை உள்ள ரெஃபரி யாராவது இருந்தா உடனே வாங்க. உள்ளூர்க்காரங்க பிடிக்க எதிரணி ஒத்துக்கல. ஆள் கெடைக்கலன்னா ஆட்டத்த இத்தோட கைவிடறதா ரெஃபரி சொல்றாங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. கடைசி ஆட்டம் முடியாமலே போவதா என்று ஒருவர் ரெஃபரியைத் திட்டினார். அட்டை உள்ளவர் யாரும் முன்னால் வரவில்லை.

கைவிட்ட ஆட்டம் யாருக்கும் கணக்கில் சேராது. மோரீனுக்குக்கூட அது தெரியும். எதிரே மால்கம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். மறுபடியும் அதே இடத்தில், அதே அளவு ஆட்டத்தோடு அவருக்கு பிராக்கன்லி முடியப்போகிறது. இந்தத் தடவை திரும்ப வந்து பார்க்க கிரவுண்டே இருக்காது.

"டிரெவர்" என்றாள் மோரீன்.

"கேட்டுது. நான் செவிடு இல்ல."

"உன்கிட்ட அட்ட இருக்கு."

"முழங்காலும் இருக்கு. வெட்டறதுக்குத் தேதி குறிச்சு வெச்சது."

மோரீன் வாயை மூடிக்கொண்டாள். ஓடு என்று அவளால் சொல்ல முடியாது. சொல்லி அந்தக் கால் முழுதாகப் போய்விட்டால் அதையும் அவள்தான் சுமக்கவேண்டும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

ரெஃபரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆட்டக்காரர்கள் சிலர் ஷூ நாடாவைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றார் டிரெவர்.

"பத்து நிமிஷம் இருக்கும்."

டிரெவர் மூக்கால் பெருமூச்சு விட்டார். "பாழாப்போன பத்து நிமிஷம்" என்றார். கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்.

குறுக்கே நொண்டி நொண்டி அவர் நடந்து போய்ச் சேரவே ரொம்ப நேரம் ஆயிற்று. கூட்டம் தாளம் போட்டுக் கைதட்டியது. மோரீன் வெளிப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ரெஃபரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட்டை சரியாத்தான் இருக்கு. உங்களால ஓட முடியுமா சார்?"

"நடப்பேன். பசங்கள கொஞ்சம் மெதுவா ஆடச் சொல்லுங்க."

ரெஃபரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடியைக் கொடுத்தாள். டிரெவர் கோட்டைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்தார். புல்லெல்லாம் சேறு. கம்பிக்கு மேலே ஒரு கை நீண்டிருந்தது. மால்கமின் கை.

டிரெவர் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தார். கோட்டை அதன் மேல் போட்டார். மால்கம் அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. டிரெவர் நடந்தார். சில சமயம் வேகமாக நடந்தார். ஒருமுறை நிஜமாகவே ஓடினார், ஓடியதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மோரீன் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஊர் அணியின் பொடியன் ஒருவன் பந்தோடு உள்ளே புகுந்தான். கோல்கீப்பர் விழுந்தான். பந்து வலைக்குள் போயிற்று. பிராக்கன்லி மொத்தமும் குதித்தது. நாய்கள் குரைத்தன. வலைக்கழி ஆள் கழியைத் தூக்கி ஆட்டினார். இடிபடப்போகிற கிரவுண்டின் கடைசி கோல், அதுவும் ஜெயிக்கிற கோல்.

டிரெவரின் கொடி மேலே நின்றது. ஆஃப்சைடு. பந்து வருமுன்பே பொடியன் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்றானாம்.

ரெஃபரி பார்த்தாள், விசில் ஊதினாள், கோல் இல்லை என்று கை காட்டினாள். கூட்டத்தின் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சுழல் கதவில் டிக்கெட் கொடுத்தவர், "இந்த ஆள நானேதான் உள்ள விட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். தேநீர்க் கொட்டகைப் பெண்மணி, "என் பட்டாணியத் தின்னுட்டு" என்று கத்தினாள். டிரெவர் அசையவில்லை. கொடியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், கம்பியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது ஆஃப்சைடே இல்லடா, குருட்டுப் பயலே."

பதினோரு வருஷத்துக்கப்புறம் தம்பி அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

டிரெவர் திரும்பவில்லை. "அரையடி முன்ன நின்னான்" என்றார் கிரவுண்டைப் பார்த்தபடியே.

"விரக்கட கூட இல்ல."

"நீ நிக்கற எடத்துலேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும். கோணம் வேற."

"பின்னங்காலு உள்ள இருந்துதே."

"பின்னங்காலப் பாத்து யாருடா ஆஃப்சைடு சொல்லுவான்? உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இந்தச் சட்டம் மண்டையில ஏறல."

"அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்ததவிட உனக்கு ஒரு வார்த்த ஜாஸ்தி சொல்லிக் குடுத்தாரா?"

"பந்து வருது, வாய மூடு. வேல பாக்கணும்."

டிரெவர் நொண்டிக்கொண்டே நகர்ந்தார். கம்பிக்கு வெளியே மால்கமும் கோட்டை அணைத்தபடி கூடவே நகர்ந்தார். பந்து வெளியே போகும்போதெல்லாம் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மோரீன் இருவருக்கும் பின்னால் நடந்துகொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்து எவ்வளவு காலம் ஆயிற்று.

ரெஃபரி மூன்று முறை விசில் ஊதினாள்.

ஆட்டக்காரர்கள் கை குலுக்கினார்கள். யாரோ ஒருவர் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மால்கம் நின்ற இடத்திலேயே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கத் தயாராக நிற்கும் ஆள் மாதிரி இருந்தது.

டிரெவர் கொடியைச் சுருட்டினார். கம்பியருகே வந்து கோட்டை வாங்கிக்கொண்டார். மாட்டிக்கொள்ள அவகாசம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார்.

"பிராக்கன்லி ஆச்சு" என்றார்.

மால்கமின் முகம் கோணியது. தொப்பியால் மறைத்துக்கொண்டார். டிரெவர் கம்பிக்கு மேலே கையை நீட்டி அவர் தோளைப் பிடித்து ஒருமுறை உலுக்கினார். அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கிற குடும்பம் இல்லை அது.

காருக்கு வரும்போது டிரெவரால் காலை ஊன்றவே முடியவில்லை. தேநீர்க் கொட்டகைப் பெண்மணி, "உனக்குக் குடுக்கக் கூடாது, இருந்தாலும் பாவம்" என்று வீக்கத்துக்கு வைக்க உறைந்த உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். முன் ஸீட்டில் உட்கார்ந்து டிரெவர் அதை முழங்காலில் கட்டிக்கொண்டார். பஸ்ஸில் வந்திருந்த மால்கமைப் பின் ஸீட்டில் ஏற்றினார்கள். மோரீன் காரைக் கிளப்பினாள்.

ஊரைத் தாண்டியதும் அவளால் தாங்க முடியவில்லை. இனி ரஸ்ஸல் வீட்டுக்கே போன் செய்துவிடுவார். தானாகவே சொல்லிவிடுவது மேல்.

"டிரெவர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஸ்கெல்பெக் ஆட்டம்..."

"ரத்தாகல."

"யாரு சொன்னா உனக்கு?"

"போன கோடையில ஸ்கெல்பெக்ல புல்லத் தோண்டிப் போட்டுட்டு பிளாஸ்டிக் விரிச்சிட்டாங்க. வெள்ளமே வந்தாலும் அங்க ஆட்டம் நடக்கும். பிளாஸ்டிக் புல்லுல எங்க தண்ணி தேங்கும், மோரீன்?"

பின் ஸீட்டில் மால்கம் சிரிக்க ஆரம்பித்தார். இடைவேளையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

மோரீனுக்குக் காலையில் கத்தி நின்றது, அவர் பார்த்த பார்வை, அந்த 'சரி' எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"தெரிஞ்சேவா வந்த? லீக்க முடிக்க வேண்டிய நாளு. கேக்கெல்லாம் வாங்கி வெச்சிருந்தாங்களே."

"நீ என்கிட்ட பொய் சொல்லி நான் பாத்ததில்ல" என்றார் டிரெவர் சிப்ஸ் பொட்டலத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு. "நீயே பொய் சொல்றேன்னா, பிராக்கன்லில ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது. என்னவா இருக்கும்னு யோசிக்க நான் என்ன முட்டாளா?"

மால்கமின் சிரிப்பு ஓய்ந்தது. டிரெவர் பின்னால் திரும்பாமல், கண்ணாடியில் தம்பியைப் பார்த்தார். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை.

"இப்பவாவது சொல்லு. அன்னிக்கு எதுக்குப் போன?"

மால்கம் தொப்பியை மடியில் வைத்துத் தடவினார். "நானா சொல்ல முடியாது. சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

முன்னே சாலை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் வீடு. இடப்பக்கம் போனால் மகள் கிர்ஸ்டி இருக்கும் ஊர்.

"மோரீன்" என்றார் மால்கம் மெதுவாக, "இடப்பக்கம் திருப்பு. அவ வீட்டுல இருப்பாளா?"

போனில் கிர்ஸ்டி பேசாமல் இருந்த அந்த நேரம் இப்போதுதான் மோரீனுக்கு உறைத்தது. விஷயம் எதுவோ, பதினோரு வருஷத்துக்கு முன்னால் மால்கமை போனில் கூப்பிட்டது கிர்ஸ்டிதான். டிரெவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

"திருப்பு" என்றார்.

மோரீன் காரை இடப்பக்கம் திருப்பினாள்.